அண்ணி பிடுங்கி வைத்த ஃபியூஸ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் கோபத்தில் கத்துகிற இடங்கள் இரண்டு வருகின்றன. என் அண்ணி எனக்கு நேர் எதிர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பயப்பட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

அண்ணி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர். பெரிய கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிற மென்பொருள். ஆபீசில் அவருக்குத் 'துடைப்பம்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் அவசர அவசரமாக எழுதிப் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் இவர் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருப்பாராம். யாருக்கும் பயன்படாத ஒரு வரி எங்கேயாவது கிடந்தால் அண்ணிக்குச் சோறு இறங்காது. ஒருத்தர் தான் எழுதிய ஃபைலுக்குக் 'கடைசி' என்றும், அதைத் திருத்தியபோது 'நிஜமாகவே கடைசி' என்றும் பெயர் வைத்திருந்ததை ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

நான் தையல்காரி. அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் வீடும் ஒரு சின்னக் கடையும். யார் தைத்த சட்டை என்றாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். ஒரு நாள் அண்ணி, தான் துண்டு துண்டாக எழுதி வைத்திருந்த புரோகிராமைத் திரையில் எனக்குக் காட்டினார். "ஒரு துண்டு ஒரு வேலைதான் செய்யணும். பேரைப் படிச்சாலே அது என்ன வேலைன்னு தெரியணும். ஒரு துண்டு திரையில அடங்கற அளவுக்கு மேல நீளக் கூடாது" என்றார். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் உள்பக்கத் தையல் சுத்தம் என்று மட்டும் தெரிந்தது.

அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. "ஓடும்போது ஒரு தப்பு வந்தா வெளிய கத்தணும் இல்லையா? சில பேர் அதை அப்படியே முழுங்கற மாதிரி எழுதிடுவாங்க. மேலுக்கு எல்லாம் ஒழுங்கா ஓடும். ஆறு மாசம் கழிச்சு வேற எங்கயாவது போய் வெடிக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் லேசாகச் சிவக்கும். கோபம் என்று அவரிடம் ஏதாவது இருந்தால் அதுதான்.

இப்படிப்பட்டவர் மழையில் கார் ஓட்ட மாட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தியிருக்கிறார். கார் வழுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மதிலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. வண்டியில் ஒரு கீறல் இல்லை. அதுதான் அண்ணிக்கு வந்த வினை. கீறல்கூட விழாத விபத்தை யார் விபத்து என்று ஒப்புக்கொள்வார்கள்? என் அண்ணன் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலையே!" என்று சந்தோஷமாகச் சொன்னார். அண்ணி அன்று சாயங்காலம் முழுக்கக் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். நானும் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, கேலிதான் செய்தேன். வானம் இருட்டினால், "அண்ணி, கார் சாவியை ஒளிச்சு வச்சுட்டீங்களா?" என்பேன்.

அண்ணன் வீட்டில் இருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. அவர் கப்பலில் எஞ்சினியர். நான்கு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். இந்த வருடம், அவர்களோடு இருக்கும் எங்கள் அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். இடது கையில் இரண்டு தடித்த ஊசி குத்தி, நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. நர்ஸிடம் ஜோக் அடிப்பார். "ஊசி போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் சிரிம்மா, வலியே தெரியாது" என்பார். எங்கள் குடும்பத்திலேயே தைரியசாலி அவர்தான் என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கப்பலேறிய பிறகு, வெயில் நாட்களில் அண்ணி கொண்டுபோய் விட்டார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படியோ ஒரு வாடகைக் கார் கிடைத்தது. வியாழக்கிழமை ஒன்றும் வரவில்லை. ஐந்து ஓட்டுநர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். நம் காரை எடுக்கலாம் என்றால் வைப்பர் வேலை செய்யவில்லை. சுவிட்சைத் தட்டினால் அசையவே இல்லை. மெக்கானிக் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளே தகராறு. அப்பா, "ஒரு நாள்தானே, விடுங்க" என்றார். விட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவர் கால் இரண்டும் வீங்கிவிட்டன. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் இன்னும் மோசம், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அண்ணி டயாலிசிஸ் சென்டருக்குப் போன் போட்டார். "நாளைக்குக் காலையில தவறவே கூடாது. இன்னொண்ணு தவறினா உயிருக்கே ஆபத்து. மூச்சு ரொம்ப முட்டினா உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்றார் நர்ஸ். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், "எழுந்து நடக்கறாரா? அப்படின்னா எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்க. எல்லா இடத்துலயும் தண்ணி" என்றார்கள்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நான் அண்ணன் வீட்டிலேயே தங்க வந்துவிட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. புது பேட்டரி தேடி அண்ணியின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அவருடைய இழுப்பறை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? எல்லாம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறையில், ஒவ்வொன்றின் மேலும் சீட்டு. 'பேட்டரி, சிறியது.' 'பேட்டரி, பெரியது.' 'உதிரிச் சாவி, பின் கதவு.' அடுத்த உறையில் விரல் நகம் அளவுக்கு நீல நிறத்தில் ஏதோ ஒன்று. அதன் மேல் அண்ணியின் அச்சடித்த மாதிரியான கையெழுத்து: 'வைப்பர் ஃபியூஸ். தற்காலிகமாக எடுக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்ததும் திரும்பப் பொருத்தவும்.' கீழே தேதி. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

உலகத்திலேயே தன் திருட்டுக்குத் தானே சீட்டு எழுதி ஒட்டி, தேதியும் போட்டு வைக்கிற ஒரே ஆள் என் அண்ணிதான். உறையை எடுத்துக்கொண்டு போய் அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன்.

"என்ன அண்ணி இது?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எடுத்துட்டேன்" என்றார்.

"எடுத்துட்டேன்னா? வைப்பர் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே!"

"கெட்டுப்போச்சுன்னு சொல்லலை. வேலை செய்யலைன்னுதான் சொன்னேன்." இதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "எனக்குப் பொய் சொல்ல வரலைம்மா. எத்தனை தடவைதான் தலை வலிக்குது, கண்ணு எரியுதுன்னு சொல்றது? நிஜமாவே ஓடலைன்னா நான் நிஜத்தைத்தானே சொல்றேன்னு..."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பின்னாலேயே கோபம் வந்தது, அதை அடக்கவில்லை. "உங்க ஆபீஸ்ல எவனாவது தப்பை முழுங்கிட்டு எல்லாம் சரியா ஓடுதுன்னு காட்டியிருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? இங்க அப்பா மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருக்காரு! இதுக்குச் சீட்டு வேற!" என்று கத்தினேன். சத்தம் அப்பா இருந்த பக்கத்து அறைவரை போயிருக்கும். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அண்ணி அழுதார். சத்தமில்லாமல், மேசையில் இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே அழுதார். "வியாழக்கிழமை சுவிட்சைத் தட்டிப் பார்த்தப்போ நீயும் நின்ன. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய பார்த்தா கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. காலு ரெண்டும் என்னோடதாவே இல்லை" என்றார். கேலி செய்த மூன்று வருடமும் நினைவுக்கு வந்தது. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் மழை விடவில்லை. அன்றும் வாடகைக் கார்களைக் கூப்பிட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடந்தது. சென்டருக்குப் போகும் ஒன்பது கிலோமீட்டரையும் அண்ணி பதினோரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். 'கேட் முதல் பள்ளிச் சுவர் வரை.' 'பள்ளிச் சுவர் முதல் பெட்ரோல் பங்க் வரை.' இப்படியே கடைசிவரை.

"நீ பின்னாடி உட்கார்ந்து ஒவ்வொண்ணா படி. ஒண்ணு முடியறதுக்கு முன்னாடி அடுத்ததைப் படிக்காத. எனக்கு மொத்தமும் தெரியக் கூடாது" என்றார். நான் கேலி செய்யவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அண்ணி குனிந்து டாஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸைப் பொருத்தினார். இரண்டு முறை அது கை தவறிக் கீழே விழுந்தது. சுவிட்சைத் தட்டியதும் வைப்பர் சரக்கென்று எழுந்து கண்ணாடியைத் துடைத்தது. அப்பா முன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பர் எப்படிச் சரியானது என்று அவர் கேட்கவில்லை. மூச்சு விடவே பாடாக இருக்கும்போது அவர் எதைக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டேன். மணி ஐந்தே முக்கால்.

"கேட் முதல் பள்ளிச் சுவர் வரை" என்று படித்தேன்.

மாட்டு வண்டிகூட எங்களை முந்திப் போயிருக்கும். அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருந்தன. வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காது கொடுத்துக் கேட்டேன். "இந்த வளைவு மட்டும். இந்த வளைவு மட்டும்." எதிரே ஒரு லாரி வந்து, சேற்றுத் தண்ணீரை வாரிக் கண்ணாடி முழுக்க அடித்தது. ஒரு நொடி ஒன்றுமே தெரியவில்லை. அண்ணி "ஐயோ" என்றார். ஆனால் பிரேக்கை அழுத்தவில்லை. வைப்பர் துடைத்தது, சாலை திரும்பக் கிடைத்தது.

"திரும்பிடலாம்மா. மழை விட்டதும் போலாம்" என்றார் அப்பா.

"சும்மா இருங்க மாமா" என்றார் அண்ணி. அவர் மாமனாரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆறாவது துண்டுவரை தாளில் இருந்தபடியே நடந்தது. ஏழாவது துண்டு ரயில் பாலத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. அங்கே ஒரு போலீஸ்காரர் மழைக்கோட்டோடு டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு கார் கூரைவரை மூழ்கிக் கிடந்தது. "இந்தப் பக்கம் போக முடியாது. தண்ணீர்த் தொட்டி வழியா போங்க" என்றார்.

அண்ணி காரை ஓரமாக நிறுத்தினார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார். நடுக்கம் தோள்வரை ஏறியது. மணி ஆறு ஐம்பது.

"அண்ணி" என்றேன்.

"அது தாள்ல இல்லை."

"தெரியும் அண்ணி."

"திரும்பிடலாம்மா. எனக்கு இப்ப மூச்சு தேவலை" என்றார் அப்பா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார்.

அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்த இறக்கத்துக்கு ஒரு பேர் வை."

"என்ன பேர்?"

"ஏதாவது. பேர் இல்லாம என்னால முடியாது. சீக்கிரம்!"

எனக்கு எங்கே யோசனை ஓடும்? "கழுதை இறக்கம்!" என்று கத்தினேன். "கழுதை இறக்கம், மேல இருந்து கீழ வரைக்கும்!"

"கழுதை இறக்கம்" என்று அண்ணி திருப்பிச் சொன்னார். வண்டியை எடுத்தார்.

உச்சியில் போய் நின்றபோது, சாலையே ஓடையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மதிலும் தெரிந்தது. அண்ணி இரண்டாவது கியரில் போட்டார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் தன் பாரத்தில் மெல்ல இறங்கியது. பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். பின்பக்கச் சக்கரம் ஓர் இடத்தில் லேசாக இழுத்தது. அண்ணியின் வலது கால் பிரேக்குக்கு மேலே நடுங்கிக்கொண்டே நின்றது, இறங்கவில்லை. பின்னால் வந்தவன் மறுபடியும் ஹாரன் அடித்தான். நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "பறந்து போயேன்டா, யாரு பிடிச்சா!" என்று கத்தினேன். தலை முழுக்க நனைந்துபோய் உள்ளே வந்தபோது, மதில் எங்களுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

சென்டர் வாசலில் வண்டி நின்றபோது ஏழு இருபது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்ணியின் கழுத்தைப் பின்னாலிருந்தே கட்டிக்கொண்டேன். அப்பா இறங்கவில்லை.

"அப்பா, இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. இறங்குங்க."

அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியிடம் சொன்னார். "நீ ஃபியூஸைப் புடுங்கினதை நான் அன்னைக்கே ஜன்னல்ல நின்னு பார்த்தேம்மா."

அண்ணி எஞ்சினை அணைத்தார்.

"சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமைகூடச் சொல்லியிருக்கலாம். சொன்னா வர வேண்டியிருக்குமே." அவர் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார். "எனக்கு அந்த ஊசின்னா பயம். முதல் நாள்ல இருந்தே. இவ ஊர் பூரா எனக்குத் தைரியம்னு சொல்லி வச்சுட்டா. மழை வந்ததும், நீ ஓட்ட மாட்டேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சும்மா."

எட்டு மாதம். வாரத்துக்கு மூன்று நாள். நான் அந்த ஜோக்குகளுக்குச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

அண்ணி இறங்கினார். குடை எடுக்கவில்லை. மழையில் சுற்றி வந்து அப்பா பக்கத்துக் கதவைத் திறந்து, கையை நீட்டினார். அந்தக் கை இலை மாதிரி நடுங்கியது.

"பாருங்க மாமா. நடுக்கம் இன்னும் நிக்கலை. இது நின்னப்புறம் கிளம்பலாம்னு இருந்திருந்தா நாம இப்ப வீட்லதான் இருப்போம். வாங்க."

அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டு இறங்கினார்.

உள்ளே நர்ஸ், "என்ன சார், இன்னைக்கு ஜோக் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார். முதல் ஊசி இறங்கியபோது அப்பா அண்ணியின் விரல்களை நெரித்துக்கொண்டு, "வலிக்குதும்மா" என்றார். வாய்விட்டு, குழந்தை மாதிரி, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "ரொம்ப வலிக்குதா சார்? முன்னாடியே சொல்லக் கூடாதா? மரத்துப்போறதுக்குக் களிம்பு இருக்கே. முக்கால்வாசிப் பேர் அதைத் தடவிட்டுத்தான் வர்றாங்க. நீங்க சிரிச்சுட்டே இருந்தீங்க, உங்களுக்குத் தேவையில்லைன்னு விட்டுட்டோம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இன்னைக்கு நேரமில்லை. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தடவணும். எழுதித் தர்றேன், செவ்வாய்க்கிழமை வீட்லயே தடவிட்டுக் கிளம்புங்க" என்றார் நர்ஸ்.

"செவ்வாய்க்கிழமையும் மழைங்கறாங்க" என்றார் அப்பா, அண்ணியைப் பார்த்து. அவர் கேட்டது களிம்பைப் பற்றி இல்லை.

அண்ணியின் உடுப்பிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கையை உடுப்பிலேயே துடைத்துக்கொண்டு நர்ஸிடமிருந்து சீட்டை வாங்கினார். சீட்டும் அவர் கையில் நடுங்கியது.

"அஞ்சரைக்கு நானே தடவி விடறேன் மாமா. அப்புறம் கிளம்பலாம்."